உயிரியல் படிக்கப் போகிறவருக்குக் கணிதம் எதற்கு?

நான்காம் படிவத்துக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டால் ஒரே கேள்வி பல வாயிலிருந்து வரும். "டீச்சர், நான் டாக்டராகப் போகிறேன். உயிரியலும் வேதியியலும் எடுக்கிறேன். கூடுதல் கணிதத்தை விட்டுவிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் கணக்கில் பின்தங்கிய மாணவர் அல்லர். உயிரியல் என்றால் மனப்பாடம், கணிதம் என்றால் கணக்கு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவரும் நம்பியிருப்பார்.

விடாதீர்கள் என்பதுதான் என் பதில். பல்கலைக்கழக நுழைவுக்கு உதவும், உபகாரச் சம்பளத்துக்கு உதவும் என்ற வழக்கமான காரணங்களை உங்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரே சொல்லிவிடுவார். என் காரணம் வேறு. ஒரு கணவாயின் நரம்பை விளக்குவதற்காக எழுதப்பட்ட சமன்பாடுகள் எட்டே ஆண்டுகளில் ஆட்டின் இதயத்துக்குள் நுழைந்து, பிறகு கணையத்துக்குப் போய், அண்மையில் பாக்டீரியாவையும் எட்டியிருக்கின்றன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, உயிரியலுக்கும் கணிதத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கணவாய் எது என்று யோசிக்கிறவர்களுக்கு: நாசி லெமாக் சம்பலில் கிடக்குமே, அந்தச் சோத்தோங்தான். ஆபத்து வந்தால் அது உடலைச் சட்டென்று சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பின்பக்கமாகப் பாயும். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்க வேண்டுமானால் மூளையின் கட்டளை மிக வேகமாகப் போக வேண்டும். அதற்காகக் கணவாயிடம் மிகத் தடித்த நரம்பிழைகள் இருக்கின்றன. சிலவற்றின் விட்டம் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். நம் நரம்பிழைகளைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். உள்ளே மெல்லிய மின்கம்பியையே செருகலாம்.

1939-இல் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பிளிமத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் அதைத்தான் செய்தார்கள். நரம்பிழைக்குள் மின்கம்பியைச் செருகி, ஒரு செய்தி கடந்து போகும்போது உள்ளேயிருக்கும் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். சில வாரங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது, ஆய்வு நின்றது. போருக்குப் பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 1952-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சமன்பாடுகள் இருந்தன. 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சமன்பாடு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அடித்தளம் உங்களுக்குத் தெரிந்த ஓம் விதிதான். உயிரணுவின் சவ்வில் குட்டிக் கதவுகள் இருக்கின்றன. சில கதவுகள் பொட்டாசியம் அயனிகளை மட்டும் விடும். சில சோடியம் அயனிகளை மட்டும் விடும். எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றனவோ அந்த அளவுக்கு மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும்.

இதைக் கயிறு இழுக்கும் போட்டியாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பொட்டாசியம் அணி உயிரணுவின் மின்னழுத்தத்தை −77 மில்லிவோல்ட் பக்கம் இழுக்கிறது. சோடியம் அணி +50 பக்கம் இழுக்கிறது. எந்தக் கதவு அதிகம் திறந்திருக்கிறதோ அந்த அணியில் ஆள் அதிகம். ஓய்வு நேரத்தில் பொட்டாசியம் பக்கம் 20 பேர், சோடியம் பக்கம் ஒருவர் என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். எடையிட்ட சராசரி போடுங்கள்: (20 × −77) + (1 × 50) = −1490. அதை 21-ஆல் வகுத்தால் ஏறத்தாழ −71. ஓய்வில் இருக்கும் நரம்பின் மின்னழுத்தம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இப்போது சோடியம் கதவுகள் படபடவென்று திறக்கின்றன. சோடியம் பக்கம் 10, பொட்டாசியம் பக்கம் 1 என்று ஆகட்டும். விடை ஏறத்தாழ +38. மின்னழுத்தம் −71-லிருந்து +38-க்குத் தாவுகிறது. அந்தத் தாவலும் அதைத் தொடரும் இறக்கமும் சேர்ந்ததுதான் மின்துடிப்பு. நரம்பு பேசும் மொழி அதுதான்.

இதுவரை மூன்றாம் படிவக் கணக்கு. சிக்கல் இனிமேல்தான். கதவுகள் திறந்தால் மின்னழுத்தம் மாறும். மின்னழுத்தம் மாறினால் கதவுகள் திறக்கும். காற்று கதவைத் தள்ளுகிறது, திறந்த கதவு இன்னும் அதிகக் காற்றை உள்ளே விடுகிறது என்பது போல ஒன்று மற்றொன்றைத் துரத்துகிறது. எது காரணம், எது விளைவு என்று வார்த்தையால் சொல்லப் பார்த்தால் வட்டமடிப்போம். ஒவ்வொரு கணமும் மாறும் ஒன்றைப் பிடிக்க வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும்; கூடுதல் கணிதத்தில் நீங்கள் டிஃபரன்சியேஷன் என்று படிப்பதன் அடுத்த படி அது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் முதலில் ஒரு மின்சுற்றைக் கொண்டு மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்தார்கள். வட்டத்தை அப்படி உடைத்து, கதவுகளின் வேகத்தைத் தனியாக அளந்தார்கள். பிறகு கணிதத்தில் வட்டத்தை மறுபடி இணைத்தார்கள்.

அவர்களுடைய சமன்பாட்டில் பொட்டாசியம் கதவுக்கு ஒரு விசித்திரமான உறுப்பு வருகிறது: ஓர் எண்ணின் நான்காம் அடுக்கு. ஒரு கதவில் நான்கு தாழ்ப்பாள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியே திறக்கும், நான்கும் திறந்தால்தான் கதவு திறக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நிகழ்தகவு பாடத்தில் சார்பற்ற நிகழ்வுகளைப் பெருக்குவீர்களே, அதேதான். ஒரு தாழ்ப்பாள் திறந்திருக்கும் வாய்ப்பு 0.5 என்றால் கதவு திறந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. வாய்ப்பு 0.9 ஆனால் ஏறத்தாழ 0.66. அதனால்தான் கதவு முதலில் தயங்கி, பிறகு வேகமாகத் திறக்கிறது. அளந்த வளைகோட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதால்தான் நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்படித்தான் உள்ளே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்று அவர்களே எச்சரித்தும் இருந்தார்கள். 1998-இல் ரோடரிக் மக்கின்னன் குழு ஒரு பொட்டாசியம் கதவின் வடிவத்தை ஊடுகதிர் கொண்டு படம் பிடித்தது. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் ஒரு துளையைச் சுற்றி நின்றன. அந்தக் கதவு எடுக்கப்பட்டது நரம்பிலிருந்து அல்ல, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. இதை மறக்காதீர்கள், பின்னால் பாக்டீரியா மறுபடி வரும்.

சமன்பாடு எழுதியாயிற்று. தீர்க்க வேண்டுமே? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் பயன்படுத்த முடியவில்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பிரன்ஸ்விகா கணக்கிடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். துடிப்பு நரம்பில் விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று விடை வந்தது. உண்மையான நரம்பில் அளந்த வேகம் 21.2 மீட்டர். வேகத்தை யாரும் சமன்பாட்டுக்குள் எழுதி வைக்கவில்லை. கதவுகளின் கணக்கிலிருந்து அது தானாக வந்தது. 11 சதவீத வித்தியாசத்தில் வந்தது! என் வகுப்பில் பெண்டுலம் பரிசோதனையே சில நாள் அதைவிட மோசமாகப் போகும்.

இதோடு நின்றிருந்தால் இது நரம்பியலின் வெற்றி மட்டும்தான். எனக்குப் பிடித்த பகுதி லண்டனில் 1960-இல் நடந்தது.

டெனிஸ் நோபல் (பரிசின் பெயர் அல்ல, அவருடைய பெயரே அதுதான்) லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர், வயது 23. இறைச்சிக் கூடத்திலிருந்து செம்மறி ஆட்டு இதயம் வாங்கி வந்து, அதன் மின்னிழைகளில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். நரம்பின் துடிப்பு ஏறத்தாழ 1 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். இதயத்தின் துடிப்பு 300 மில்லிவிநாடி அளவுக்கு நீளும். ஏறிய மின்னழுத்தம் இறங்காமல் மேட்டுநிலம் போல அப்படியே நிற்கும். அந்த நீளம் வீண் அல்ல. அது இருப்பதால்தான் ஒரு சுருக்கம் முடியும் முன்னே அடுத்த சுருக்கம் தொடங்காது. இதயம் தசைப்பிடிப்பு வந்த கெண்டைக்கால் போல இறுகி நிற்காமல், சுருங்கி விரிந்து இரத்தத்தைத் தள்ளுகிறது.

கணவாயின் சமன்பாடு இந்த இதயத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க நோபல் நினைத்தார். அவரோ உடலியல் மாணவர். பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காதவர். பொறியியல் மாணவர்களுக்கான கணித விரிவுரைகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் இருந்ததோ ஒரு மெர்க்குரி கணினி. எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. அவருக்குக் கிடைத்த நேரம் இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை.

சமன்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை செய்யவில்லை. செய்யவும் முடியாது. கணவாய் நரம்பில் மின்னழுத்தம் ஏறினால் பொட்டாசியம் கதவுகள் திறந்து, உடனே அதைக் கீழே இழுத்துவிடும். துடிப்பு அப்போதே முடிந்துவிடும். 300 மில்லிவிநாடி எப்படி நிற்கும்? நோபலும் அவருடைய வழிகாட்டி ஓட்டோ ஹட்டரும் ஆட்டு இதயத்தில் அளந்தபோது ஒன்றைக் கண்டார்கள். இதயத்தில் ஒருவகைப் பொட்டாசியம் கதவு தலைகீழாக நடந்துகொள்கிறது. மின்னழுத்தம் ஏறும்போது அது திறப்பதற்குப் பதிலாகச் சாத்திக்கொள்கிறது. இன்னொரு வகை திறக்கிறது, ஆனால் மிக மெதுவாக. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் பாதிப் பேர் கயிற்றை விட்டுவிட்டால், மறுபக்கமும் குறைந்த பலத்திலேயே சமாளித்துவிடலாம். இதயம் அப்படித்தான் குறைந்த செலவில் அந்த மேட்டில் நிற்கிறது.

இந்த இரண்டு மாற்றங்களையும் சமன்பாட்டில் போட்டதும் நீண்ட மேட்டோடு கூடிய துடிப்பு கணினியிலிருந்து வந்தது. ஒரு துடிப்பு முடிந்ததும், யாரும் தூண்டாமலே மின்னழுத்தம் மெல்ல ஊர்ந்து ஏறி அடுத்த துடிப்பைத் தொடங்கியது. தாளம் போடு என்று ஒரு வரிகூட அதில் எழுதப்படவில்லை.

இந்த இடத்தை நான் வகுப்பில் அவசரமாகக் கடந்து போவதில்லை. ஒரு துறையின் கணிதத்தை இன்னொரு துறைக்குக் கொண்டுபோவது என்றால், சட்டையைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிடுவது போன்ற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பொருந்தினால் கைதட்டல். எனக்கோ பொருந்தாத இடம்தான் முக்கியம். எங்கே இறுக்குகிறது, எங்கே தொளதொளக்கிறது என்று தெரியும்போதுதான் போட்டுக்கொண்டவரின் உடல்வாகு தெரிகிறது. நோபலின் மாதிரியிலும் ஓர் இறுக்கம் மிஞ்சியிருந்தது. மேட்டைத் தாங்கிப் பிடிக்கச் சோடியம் கதவுகள் வழக்கத்தைவிட அதிக நேரம் உழைப்பதாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1967-இல் ஹரால்ட் ராய்ட்டர் இதய இழையில் கால்சியம் மின்னோட்டத்தை அளந்து காட்டினார். சோடியத்தின் தலையில் ஏற்றிய வேலையில் ஒரு பங்கு உண்மையில் கால்சியத்துடையது.

கதை ஆய்வுக்கூடத்தோடு முடியவில்லை. 1990-களில் டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் சாப்பிடும் மாத்திரை, சில சூழ்நிலைகளில் இதயத்தின் ஒரு பொட்டாசியம் கதவை அடைத்தது. கதவு அடைந்தால் மின்னழுத்தம் இறங்கத் தாமதமாகும், துடிப்பு நீளும், சிலருக்கு இதயத் தாளம் ஆபத்தாகக் குழம்பியது. இன்று ஒரு புதிய மருந்து எந்தெந்தக் கதவுகளை எவ்வளவு அடைக்கிறது என்று அளந்து, அந்த எண்களை மனித இதய உயிரணுவின் கணித மாதிரிக்குள் போட்டுப் பார்க்கும் முயற்சியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே இறங்கியிருக்கிறது. அந்த மாதிரிகளில் 1952-இன் கைவண்ணம் இன்னும் தெரிகிறது.

அடுத்து கணையம். நம் வீடுகளில் இனிப்புநீர் பற்றித் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. தாத்தாவுக்கு, பாட்டிக்கு, சில வீட்டில் அம்மாவுக்கு. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணு நரம்பு அல்ல. ஆனாலும் அது மின்துடிப்பு அடிக்கிறது என்று 1968-இல் தெரியவந்தது.

அது வேலை செய்யும் விதத்தை நம் கயிற்றுக் கணக்கிலேயே பார்க்கலாம். இரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் உயிரணுவுக்குள் ஏடிபி கூடும். ஏடிபி கூடினால் ஒருவகைப் பொட்டாசியம் கதவு மூடிக்கொள்ளும். பொட்டாசியம் பக்கம் 20 பேர் இருந்த இடத்தில் இப்போது 4 பேர் என்று வைத்துச் சராசரி போடுங்கள். −71 என்பது ஏறத்தாழ −52 ஆகும். அந்த உயரத்தில் கால்சியம் கதவுகள் திறக்கத் தொடங்குகின்றன. கால்சியம் உள்ளே வந்தால் இன்சுலின் வெளியே போகும். பாட்டி சாப்பிடும் கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் செய்வதும் இதுதான்: அதே பொட்டாசியம் கதவை நேராகப் போய் மூடுகின்றன. பிறந்த சில மாதங்களில் நீரிழிவு வரும் சில குழந்தைகளுக்கு அந்தக் கதவின் மரபணுவில் பழுது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது.

1983-இல் தெரசா சே, ஜோயல் கைசர் என்ற இருவர் கணைய உயிரணுவுக்குக் கணித மாதிரி எழுதினார்கள். அடித்தளம் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி முறை. இந்த உயிரணு சில விநாடி படபடவென்று துடிக்கும், பிறகு ஓயும், மறுபடி துடிக்கும். உள்ளே கால்சியம் மெதுவாக நிரம்பி, பின் மெதுவாக வடிவதுதான் இந்தத் தாளத்துக்குக் காரணம் என்று அவர்களுடைய மாதிரி சொன்னது. அழகான விளக்கம். பிற்பாடு ஒளிரும் சாயம் கொண்டு கால்சியத்தை அளந்தபோது, அது மெதுவாக நிரம்பவில்லை. துடிப்போடு சேர்ந்து சட்டென்று ஏறி நின்றது. விளக்கம் தவறு என்று ஆனது. ஆனால் எங்கே தவறு என்று சுட்டிக்காட்ட முடிந்தது பாருங்கள். "கணையம் இன்சுலினைச் சுரக்கிறது" என்ற வாக்கியம் மட்டும் கையில் இருந்தால், அது எந்த அளவையாலும் பொய்யாகாது. எதையும் புதிதாகச் சொல்லித் தரவும் செய்யாது.

2015-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் குரோல் சுவெல் குழு பாக்டீரியாக் கூட்டங்களில் இதைப் பார்த்தது. மண் பாக்டீரியா ஒன்று படலமாக வளரும்போது, நடுவில் இருப்பவற்றுக்கு உணவு போதாமல் போகும். அவை பொட்டாசியம் கதவைத் திறந்து அயனியை வெளியேற்றும். பக்கத்தில் இருப்பவை அதனால் தூண்டப்பட்டுத் தங்கள் கதவைத் திறக்கும். செய்தி அலையாக ஓரம் வரை போகும். அதை விவரிக்க அந்தக் குழு எடுத்துக்கொண்டதும் 1952-இன் பாணிச் சமன்பாடுதான். வேகம் மட்டும் வேறு. நரம்பில் மில்லிவிநாடியில் நடப்பது இங்கே நிமிடக் கணக்கில் நடக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "செடிக்கும் மூளை உண்டு", "பாக்டீரியா சிந்திக்கிறது" என்று காணொளிகள் சுற்றுகின்றன. ஒரே சமன்பாடு பொருந்துவதால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடாது. ஊஞ்சலுக்கும் கடிகாரப் பெண்டுலத்துக்கும் ஒரே சமன்பாடு. அதற்காக ஊஞ்சல் மணி பார்க்கிறது என்று சொல்வோமா? இன்னொன்று: இந்தக் கணிதம் மூளையின் சொத்தும் அல்ல. கணவாய் நரம்பின் மின்தடை துடிப்பின்போது குறைகிறது என்று 1939-இல் அளந்த கென்னத் கோல், ஹோவர்ட் கர்டிஸ் இருவரும் அதற்கு முந்திய ஆண்டில் அதே அளவையை நிட்டெல்லா என்ற நீர்ப்பாசியில் செய்து முடித்திருந்தார்கள். பாசியில் கற்ற வித்தைதான் நரம்புக்குப் போனது. நரம்பில் வளர்ந்தது மற்ற உயிரணுக்களுக்குத் திரும்பி வந்தது.

நம் பாடநூலிலோ நரம்பு ஓர் அத்தியாயம், இதயம் வேறு அத்தியாயம், இன்சுலின் வேறொன்று. தேர்விலும் தனித்தனிக் கேள்விகள். எங்காவது பிரித்துத்தான் சொல்லித்தர வேண்டும். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்த பிறகு தைத்துச் சேர்க்கும் நூல் கணிதம். அதை உயிரியல் மாணவரின் கையிலிருந்து பதினைந்து வயதிலேயே பிடுங்கிவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். "டாக்டரான பிறகு யார் டீச்சர் டிஃபரன்சியேஷன் போடுகிறார்கள்?" பெரும்பாலோர் போடுவதில்லை, உண்மைதான். ஆனால் இதய வரைபடத்தில் துடிப்பு நீண்டிருக்கிறதா என்று பார்க்கும் டாக்டரும், எந்த மருந்து எந்தக் கதவை அடைக்கும் என்று யோசிக்கும் மருந்தாளரும் மேலே சொன்ன கணக்கின் விளைவைத்தான் படிக்கிறார்கள். மேலும், மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆவார்கள்? விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உயிரித் தொழில்நுட்பம், மருந்தியல், மருத்துவக் கருவிப் பொறியியல், மரபணுத் தரவு ஆய்வு என்று திரும்ப நினைக்கும்போது, கணிதத்தை விட்டவருக்கு அந்தக் கதவுகளில் சில ஏற்கெனவே சாத்தியிருக்கும்.

இன்னொரு மறுப்பு கனமானது. கூடுதல் கணிதத்தில் தேர்ச்சி குறைந்தால் எஸ்.பி.எம். முடிவு கெட்டுவிடும், உபகாரச் சம்பளம் போய்விடும் என்ற பயம். ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. அடிப்படைக் கணிதமே இன்னும் பிடிபடாத பிள்ளையைக் கூடுதல் கணிதத்தில் உட்காரவைத்து வாட்ட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், முதலில் அடிப்படை. நான் பேசுவது, போட முடியும், ஆனால் உயிரியலுக்குத் தேவையில்லை என்று விடுகிறவரிடம். அவர் விடுவது தவறான தகவலை நம்பி. ஏற்கெனவே விட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை; நோபல் பல்கலைக்கழகம் போன பிறகுதான் கற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த இரவு 2 மணி எல்லோருக்கும் வாய்க்காது.

விடுமுறையில் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். பள்ளித் திடலின் ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி இருக்கும். செமாலு என்று மலாய் நண்பர்கள் சொல்வார்கள். ஓர் இலைக்காம்பின் பக்கத்தில் அடிக்கோலை வைத்து, கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியைத் தொடங்கிவிட்டு, நுனிச் சிற்றிலையைத் தொடுங்கள். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொண்டே போகும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் செய்தியின் வேகம் கிடைக்கும், கணவாயின் 21.2 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மடங்கிய இலை முழுதாக விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். இலை விரிவது காம்படியில் நீரழுத்தம் திரும்புவதைப் பொறுத்தது. மின்துடிப்பு அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்திருக்கும். அப்படியானால் உங்கள் கடிகாரம் அளந்தது எதை? கணவாயின் சமன்பாட்டை இந்தச் செடிக்குக் கொண்டுவர வேண்டுமானால் எந்த எண்ணை மாற்றுவீர்கள், எதைப் புதிதாகச் சேர்ப்பீர்கள்? பள்ளி திறந்ததும் வரைபடத்தோடு உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் போங்கள். கணித ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.